நூலறிந்து கறை நீக்குவோம்: பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் நெசவுக் குடும்பங்களுக்கும், பட்டுக் கடை நடத்துவோருக்கும், திருமண மண்டபப் பொறுப்பாளர்களுக்கும்,

பிள்ளையார்பாளையத்தில் தரையில் விரிக்கப்படுபவை ஐந்து வகைக்குள் அடங்கும். முதலாவது பருத்தி ஜமக்காளம். தடித்த நூலில் பட்டை பட்டையாக நிறம் ஓடும் பவானி ஜமக்காளம் இதில் பெயர் பெற்றது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2005-06-இல் அதற்கும் கிடைத்தது. இரண்டாவது கோரைப்பாய். மூன்றாவது, காஷ்மீரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலிருந்தும் வரும் கைமுடிச்சுக் கம்பளம். இது கம்பளியிலோ பட்டிலோ இருக்கும். பக்கத்து வாலாஜாபேட்டையிலும் தஞ்சைப் பக்கத்து அய்யம்பேட்டையிலும் ஒரு காலத்தில் கம்பளத் தறிகள் ஓடின என்பதை, தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றி ஹென்றி ஹாரிஸ் எழுதி 1908-இல் சென்னையில் வெளியான நூல் பதிவு செய்திருக்கிறது. நான்காவது, துணியில் நூலை ஊசியால் குத்தி ஏற்றி, பின்புறம் ரப்பர் பால் பசை தடவிய டஃப்ட் கம்பளம். ஐந்தாவது, மண்டபங்களில் வாசலிலிருந்து மேடை வரை விரியும் சிவப்பு நிறச் செயற்கை இழை விரிப்பு.

இந்த ஐந்துக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பெரும்பாலான விரிப்புகள் வீணாகின்றன. கறை பட்டவுடன் வெந்நீர், சோப்புத்தூள், தேய்க்கும் பிரஷ், அதிலும் போகாவிட்டால் பிளீச்சிங் பவுடர் என்று வேலை நடக்கிறது. கறை போகிறது, அதோடு நிறமும் நூலின் உயிரும் போகின்றன. இவ்வூர் இதைவிட நல்ல ஒழுங்கு ஒன்றைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறது. கச்சாப் பட்டு நூலின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் செரிசின் என்ற பசையை, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து எடுக்கும்போது, சோடா கொஞ்சம் கூடினாலும் பட்டு நைந்துபோகும் என்பது சாயப்பட்டறையில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். நூல் எது, அது எதைத் தாங்கும் என்று பார்த்தபின்தான் அங்கே தண்ணீர் ஊற்றப்படுகிறது. தரைவிரிப்புக்கும் அதே வரிசைதான்: முதலில் நூல், அடுத்து கறை, கடைசியில் தண்ணீர்.

நூலைக் கண்டறிய, விரிப்பின் ஓரத்திலிருந்தோ பின்புறத்திலிருந்தோ ஓர் இழை போதும். அதை இடுக்கியில் பிடித்துத் தறிக்கும் பாவுக்கும் எட்டத்தில் தீயில் காட்ட வேண்டும். முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கறுப்புச் சாம்பல் மிஞ்சினால் அது கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். இழை உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் நைலான், பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன் போன்ற செயற்கை இழை. போலிப் பட்டைப் பிரிக்க ஜவுளிக்காரர்கள் செய்யும் அதே சோதனைதான் இது. பட்டுக் கம்பளம் என்று விற்கப்படுபவற்றில் பல உண்மையில் விஸ்கோஸ். பளபளப்பு ஏமாற்றும், வாடை ஏமாற்றாது.

நூல் தெரிந்தால் எல்லையும் தெரியும். கம்பளியும் பட்டும் விலங்குப் புரதம். காரம் இரண்டையும் அரிக்கும், குளோரின் கலந்த பிளீச் இரண்டையும் கரைத்தே விடும். பருத்தி காரத்தைத் தாங்கும், ஆனால் அதன் சாயம் தாங்காமல் போகலாம். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஈரத்தில் அதைத் தேய்த்தால் இழைகள் பிய்ந்து, காய்ந்தபின் மஞ்சள் பாய்ந்த திட்டு நிற்கும். பாலிப்ரொப்பிலீன் கறையை எளிதில் ஏற்காது, ஆனால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். 160 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடுவதால் இஸ்திரிப் பெட்டி அதன் பக்கம் போகக் கூடாது. டஃப்ட் கம்பளத்தின் பின்புறப் பசை, உலர்சலவைக் கரைப்பான்களால் இறுகி உதிர்ந்துவிடும். கோரைப்பாயை ஊறவைக்கவே கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் நிறுத்தினால் போதும்.

விரிப்பில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசி. தெருமண்ணின் நுண்ணிய மணல் இழைகளின் அடியில் இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் இழையைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. நடைபாதை போன்ற தேய்ந்த தடம் கம்பளத்தில் விழுவது இதனால்தான். தூசியோடு விரிப்பை நனைத்தால் தூசி சேறாகி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே எந்தச் சலவைக்கும் முன்னால் விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்பக்கம் தட்டி, விழுந்த மண்ணைக் கூட்டி, பிறகு முகப்பக்கம் துடைப்பமோ வேக்குவமோ போட வேண்டும். ஜமக்காளத்தை இருவர் பிடித்து உதறுவது நல்லது. டஃப்ட் கம்பளத்தை அடித்தால் பசை உதிரும் என்பதால் வேக்குவம் மட்டுமே சரி. ஓரக் குஞ்சத்தின் மேல் வேக்குவத்தின் சுழலும் பிரஷ் படக் கூடாது. அந்தக் குஞ்சம் ஒட்டுவேலையல்ல, பாவு நூலின் முனை; அது அறுந்தால் ஊடை நழுவத் தொடங்கும் என்பதை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

தறி ஓடும் வீட்டில் தூசிக்கு இன்னொரு முகம் உண்டு. நூல் சுற்றும்போது பறக்கும் பஞ்சும், பாவுக்குப் போட்ட கஞ்சியின் துகளும் ஜமக்காளத்தில் படிகின்றன. கஞ்சித்துகள் ஈரம் பட்டால் பூசணத்துக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் உணவு. அன்றாடம் உதறி மடிக்கும் வீட்டில் இந்தத் தொல்லை பாதியாகிவிடும்.

அடுத்தது தண்ணீரும் சோப்பும். ஆழ்குழாய் நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும் இடங்களில், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்து வெண்படிவமாக இழையில் ஒட்டும். அலசி முடித்த ஜமக்காளம் விறைப்பாகவும் மங்கலாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். காரமில்லாத திரவச் சோப்பு இந்தப் படிவத்தை உண்டாக்காது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும். கூடுதலாகப் போட்டால் அலசலில் போகாமல் பிசுக்காகத் தங்கி, துவைத்த சில நாட்களிலேயே அந்த இடம் முன்னைவிட வேகமாக அழுக்காகும். கடைசி அலசலில் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் சேர்த்தால் மிச்சச் சோப்பும் உப்புப் படிவமும் இளகும். பட்டுக்குப் பழகிய பூந்திக்கொட்டை நீர் கம்பளிக்கும் ஏற்றது; வெளிர்நிறப் பருத்தியில் மட்டும் அது பழுப்பேற்றக்கூடும்.

நனைப்பதற்கு முன் சாயத்தைச் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சற்று நேரம் அழுத்திப் பார்த்தால், துணியில் நிறம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். ஏறினால் அந்த விரிப்பு வீட்டுச் சலவைக்கு உரியதல்ல. உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உப்பு, சாயம் வெளியேறுவதைச் சற்று மட்டுப்படுத்தும், நிலையாகக் கட்டிப்போடாது. வினிகர் போன்ற அமிலம் பட்டிலும் கம்பளியிலும் ஏறிய அமிலச் சாயத்துக்கு உதவும். பருத்திச் சாயத்துக்கு அந்தப் பலன் இல்லை.

கறை எதுவானாலும் முதல் ஐந்து நிமிட வேலை ஒன்றே. கெட்டியாக இருப்பதைக் கரண்டியால் அள்ளி, ஈரமாக இருப்பதை வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுவது வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி இருந்தால் கறை பரவாது. தேய்த்தால் கறை அடிவரை இறங்கும், இழையின் முறுக்கும் கலையும். முதல் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும். பால், இரத்தம், முட்டை போன்ற புரதக் கறைகளை வெந்நீர் வேகவைத்து இழையோடு பிணைத்துவிடும்.

இவ்வூர் விரிப்புகளில் அதிகம் விழுவது மஞ்சள். பூசை, தாம்பூலம், நலங்கு, சாம்பார் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும். மஞ்சள் பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் இடம் செக்கச்செவேல் என்று மாறுவது இதனால்தான். பயந்துபோய் மேலும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதே வழக்கமான தவறு. குளிர்நீரில் சோப்பை அலசிவிட்டு நீர்த்த வினிகரை ஒற்றினால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒற்றினால் நிறம் துணிக்கு ஏறும், ஏனெனில் குர்குமின் தண்ணீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் ஒளியில் வெளுக்கும். கறைபட்ட இடத்தை மட்டும் வெயிலில் திறந்து மற்ற இடத்தைத் துணியால் மூடி வைத்தால், விரிப்பின் சொந்தச் சாயம் தப்பும்.

குங்குமமும் விபூதியும் தூளாக இருக்கும்வரை எளிதானவை, ஈரம் பட்டால் கடினமானவை. ஆகவே கொட்டிய தூளை ஊதாமல், தேய்க்காமல், காய்ந்த நிலையிலேயே வேக்குவத்தால் இழுக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம், மஞ்சள் கறைக்குச் சொன்ன முறைக்கு இணங்கும். செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் ஈரத்தோடு கம்பளியில் ஏறிவிட்டால் முழுதாகப் போவது அரிது.

மருதாணியின் நிறப்பொருள் தோலையும் முடியையும் பிடிப்பதுபோலவே கம்பளியையும் பட்டையும் பிடித்துச் சாயமேற்றும். காய்ந்தபின் அதை எடுக்கப் பத்திரமான வழி இல்லை. மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கும் இடத்தில் கம்பளம் விரிக்காமல் பழைய ஜமக்காளமோ பாயோ விரிப்பதே ஒரே பாதுகாப்பு. வெற்றிலைச் சாற்றில் பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பின் காரமும் சேர்ந்திருக்கின்றன. குளிர்நீரில் ஒற்றி, நீர்த்த வினிகரால் காரத்தை முறித்து, பிறகு திரவச் சோப்பு நீர் போட வேண்டும். வெள்ளைப் பருத்தியில் மிஞ்சும் பழுப்புக்கு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். நிறமுள்ள விரிப்பில் அதைப் போட்டால் சாயமும் வெளுக்கலாம். காப்பிக் கறையில் பாலும் துவர்ப்பும் இரண்டும் உண்டு என்பதால் குளிர்நீர், சோப்புநீர், வினிகர்நீர் என்ற வரிசை சரியாக வரும்.

நெய், விளக்கெண்ணெய், பாயசக் கொழுப்பு ஆகியவற்றுக்குத் தண்ணீர் முதலில் உதவாது. சோளமாவையோ முகப்பவுடரையோ தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, உறிஞ்சிய மாவை வேக்குவத்தால் எடுத்தபிறகே சோப்புநீர். ஜக்கார்டு பெட்டியிலிருந்து சொட்டும் எண்ணெய் கறுப்பாக இருப்பது அதில் இரும்புத்துகள் கலந்திருப்பதால். அதற்கும் மாவு முறைதான் தொடக்கம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போட்டுத் துடைக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். விளக்கெரியும், நூல் குவிந்திருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. மெழுகு சொட்டினால் பனிக்கட்டி வைத்து இறுகச் செய்து சுரண்டி எடுக்கலாம்.

குழந்தையின் சிறுநீர் புதிதாக இருக்கையில் இலேசான அமிலம். நாள்பட அம்மோனியாவாகி, காரமாக மாறிச் சாயத்தைக் கெடுக்கும். உடனே குளிர்நீரில் ஒற்றி, வினிகர்நீர் போட்டு, காய்ந்தபின் சமையல் சோடா தூவி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மழைநாளில் பழைய வாடை திரும்ப வருவதற்கு, இழையில் தங்கிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம். நறுமணத் தெளிப்பான் அதைத் தீர்க்காது, முழு அலசல்தான் தீர்க்கும். எந்தக் கட்டத்திலும் பிளீச்சை வினிகரோடும் அம்மோனியாவோடும் சேர்க்கக் கூடாது. முதலாவதில் குளோரின் வாயுவும், இரண்டாவதில் குளோரமின் வாயுவும் கிளம்பி நுரையீரலைத் தாக்கும். சிறுநீர்க் கறையில் பிளீச் ஊற்றுவதும் இதே ஆபத்துதான்.

நன்றாகப் போன கறை மறுநாள் அதே இடத்தில் தலைகாட்டுவது அடிக்கடி எழும் குறை. அடியில் இறங்கிய கறை, காயும் நீரோடு இழைநுனிக்கு ஏறி வருகிறது. குறைந்த தண்ணீரில் மறுபடி நனைத்து, மேலே பல மடிப்பு வெள்ளைத் துணி வைத்து, பலகையும் பாரமும் ஏற்றி இரவு முழுதும் விட்டால் ஏறிவரும் கறையைத் துணி வாங்கிக்கொள்ளும். முழுதும் நனைந்த கம்பளத்தில் பழுப்பு பாய்வது வேறு சங்கதி. அடித்தளத்தில் உள்ள சணலும் பருத்தியும் மெதுவாகக் காயும்போது அவற்றின் பழுப்புப் பொருள் மேலேறுகிறது. நீர்த்த வினிகர் ஒற்றி விரைவாகக் காயவைத்தால் பெரும்பாலும் மட்டுப்படும்.

விரைவாகக் காய்வதில்தான் சலவையின் வெற்றி இருக்கிறது. நீரை முடிந்த அளவு அழுத்தி வெளியேற்றி, விரிப்பைத் தடித்த மூங்கிலில் பரவலாகப் போட்டு, முதுகுப்பக்கம் வெயிலுக்குக் காட்ட வேண்டும். மெல்லிய கயிற்றில் தொங்கும் ஈரக் கம்பளம் தன் பாரத்தாலேயே உருக்குலையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பாவு ஓட்டவே தெருவில் வெயில் கிடைக்காத நாட்களில், பெரிய விரிப்பை நனைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் காலத்தில் குழித்தறி வீட்டின் தரை குழியிலிருந்து ஈரம் வாங்கும். ஜமக்காளத்தைத் தரையோடு தரையாக மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். பலகை மேலோ பரண் மேலோ வைக்க வேண்டும். பூசணம் பிடித்ததை வீட்டுக்குள் உதறாமல் வெளியே எடுத்து, உலரவிட்டுப் பிரஷ் போட்டு, வெயில் காட்ட வேண்டும். துலக்குபவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

பூச்சிகளில் கம்பளிக்கும் பட்டுக்கும் பகை, துணி அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் பூச்சி உண்பதில்லை. புழுதான் இழையைத் தின்னும். சுவரோரம் சாம்பல் நிறத் தட்டைக் கூட்டைச் சுமந்து ஊரும் புழுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இருட்டும் அசையாமையும் இவற்றுக்குத் தேவை. கட்டிலின் கீழும் பீரோவின் அடியிலும் உள்ள கம்பளப் பகுதியை மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்துத் தூசி எடுப்பதே முதல் மருந்து. வசம்பும் வேப்பிலையும் பூச்சியை அண்டவிடாமல் ஓரளவு தடுக்கும். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. நாப்தலின் உருண்டை, குறிப்பாக ஜி6பிடி நொதிக்குறை உள்ள பச்சைக் குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. தொட்டில் உள்ள அறையிலும் குழந்தையின் துணியிலும் அதற்கு இடமில்லை. எடுத்து வைக்கும் கம்பளத்தை மடிக்காமல், உருளையில் சுற்றிப் பருத்தித் துணியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் சிறைப்படும்.

பிள்ளையார்பாளையத்தில் தரைவிரிப்பின் தூய்மை பட்டின் தூய்மையும் ஆகும். கடைகளில் மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டுத்தான் சேலைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். வீட்டில் அறுத்தெடுத்த சேலையை ஜமக்காளத்தின் மேல் வைத்துத்தான் மடிக்கிறார்கள். விரிப்பில் நிற்கும் எண்ணெயும் சாயமும் ஈரமும் நேரே பல மாத உழைப்பின் மேல் ஏறும். ஜரிகைக்கு இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஜரிகையில் உள்ள வெள்ளி, கந்தகம் பட்டால் கறுக்கும். ரப்பர் பசையிலிருந்தும் கம்பளியிலிருந்தும் கந்தகச் சேர்மங்கள் மெல்லக் காற்றில் கலக்கின்றன. பிளீச்சின் குளோரினும் வெள்ளியை மங்கச் செய்யும். ஆகவே டஃப்ட் கம்பளத்தையும் ரப்பர் அடித்தள விரிப்பையும் சேலை அடுக்கும் அறையில் வைக்கக் கூடாது. கம்பளியையும் ஜரிகைச் சேலையையும் ஒரே பீரோவில் பூட்டக் கூடாது. சேலை பிரிக்கும் இடத்து விரிப்பை பிளீச் போட்டு வெளுக்கவும் கூடாது. அந்த இடத்துக்குத் தினமும் மாற்றித் துவைக்கக்கூடிய வெள்ளைப் பருத்தி விரிப்பே சிறந்தது.

சில விரிப்புகளை வீட்டில் தொடாமல் விடுவதே மரியாதை: பட்டு முடிச்சுக் கம்பளம், விஸ்கோஸ், சாயம் விடும் பழைய கம்பளம், முழுதும் வெள்ளத்தில் நனைந்தது. இவற்றைச் சலவைக்குக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நூலைச் சோதித்தார்களா, சாயத்தைச் சோதித்தார்களா, என்ன மருந்து போடுவார்கள், எப்படிக் காயவைப்பார்கள்? நான்குக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் மட்டும் கொடுக்கலாம்.

மூன்று தரப்பினருக்கும் இந்த மடல் வைக்கும் வேண்டுகோள் எளியது. நெசவுக் குடும்பங்கள், பட்டைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைத் தரைவிரிப்புக்கும் பயன்படுத்தி, சலவை செய்யும் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லித்தர வேண்டும். கடைக்காரர்கள் சேலை விரிக்கும் இடத்திலிருந்து பிளீச்சையும் ரப்பர் விரிப்பையும் விலக்க வேண்டும். மண்டபப் பொறுப்பாளர்கள் வாசலில் மணலைத் தடுக்கும் முரட்டு மிதியடியும், பந்திக்கூடத்தருகே வெள்ளைத் துணி, மாவு, திரவச் சோப்பு, வினிகர் அடங்கிய ஒரு கூடையும் வைத்து, ஒற்றி எடுக்கத் தெரிந்த ஓர் ஆளை முகூர்த்த நாட்களில் நிறுத்த வேண்டும். இந்த ஏற்பாட்டின் செலவு, பாழான ஒரு கம்பளத்தின் விலைக்கு அருகில்கூட வராது.